இன்றைய சுப நிகழ்ச்சி

ஜூன் 7, சனி

நேற்று மாலை அடித்த சூறைக்காற்றில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரம் முறிந்து அங்கன்வாடியின் ஓட்டுக்கூரை மேல் விழுந்துவிட்டது. குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. பின்புறச் சமையல் கொட்டகையும் தப்பியது. காலையில் எங்கள் பூர்ணிமா குடியிருப்பின் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, நம் மதிலில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை என்பதற்கு மகிழ்ச்சி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எழுதியவன் நான். ‘மகிழ்ச்சி’யை அடித்துவிட்டு ‘நிம்மதி’ என்று போட்டேன். தலைவர் கவனிக்கவில்லை.

நான் செயலாளரானது திறமையால் அல்ல. தேர்தல் அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வேண்டாம் என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

லிஃப்டுக்கு எண்ணெய் போட்டாயிற்று. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் சுகந்தி இன்று மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் கவிஷா. மூன்று வயது முடிந்துவிட்டதாம். பார்த்தால் நம்ப முடியாது.

“ஒரு ஓரமா குந்திக்கினு இருப்பா சார். எதையும் தொடமாட்டா.”

குழந்தை எதையும் தொடவில்லை, என் தட்டில் இருந்த ரொட்டியைத் தவிர. மனைவி பாகீரதி போனதிலிருந்து காலையில் இரண்டு ரொட்டித் துண்டு, மதியம் தயிர் சாதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒழுங்கான ஏற்பாடு. இன்று இரண்டு துண்டையும் அவளே தின்றாள். எனக்குப் பசியில்லாததால் இதை ஈகை என்று குறித்துக்கொள்ள முடியாது.

“ஓடு மாத்துற வரைக்கும் பிள்ளைங்கள ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிற சென்டரோட சேர்த்துருவாங்களாம் சார். கேட்டு போட்டா கூட்ஸ் வண்டி போற வரைக்கும் நிக்கணும். இவள அங்க உட்டுட்டு உங்க வீட்டுக்கு எப்போ வர்றது, மூணாவது மாடிக்கு எப்போ போறது?”

“வேற என்னம்மா செய்வே?”

“இன்னா செய்றது. உள்ள வச்சுப் பூட்டிக்கினு வர்றதுதான். பெரியவள அப்டித்தான் வளத்தேன்.” பாத்திரத்தை வேகமாகத் தேய்த்தாள். “இவ போன வருசம் செவப்புல இருந்தா சார். டீச்சர் முட்டையும் மாவு உருண்டையும் குடுத்துக் குடுத்து இப்பத்தான் மஞ்சளுக்கு வந்திருக்கா. மறுபடி செவப்புக்குப் போய்ட்டா?”

அங்கன்வாடியில் குழந்தைகளின் எடைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு மோசம், மஞ்சள் சுமார், பச்சை நலம். எனக்கு இதுவரை தெரியாது. மதிலுக்கு இந்தப் பக்கம் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

அங்கன்வாடி டீச்சர் தனக்கொடி தலைவரைப் பார்க்க வந்தார். வாட்டசாட்டமான பெண்மணி, பேச்சிலேயே பாதிக் காரியம் முடிப்பவர் என்று தெரிந்தது. தலைவர் தணிகாசலம் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசாமலேயே மீதிக் காரியத்தைக் கெடுப்பவர். நான் நடுவில் நாற்காலியில் இருந்தேன்.

“உங்க பார்ட்டி ஹால் சும்மாத்தானே சார் பூட்டிக் கிடக்குது? ஓடு மாத்துற வரைக்கும் பசங்க பகல்ல உக்காந்துக்கிறோம். சமையல் அந்தாண்ட கொட்டகையிலயே பண்ணி எடுத்தாந்துடறோம். பக்கத்துலயே தினமும் எடம் கெடைச்சா எங்க ஆபீசர் மேடம் ஒத்துக்குவாங்க. ஒரு நாள் எடம் இல்லேன்னாலும் கேட்டுக்கு அந்தாண்ட சேர்த்துடுவேன்னுட்டாங்க.”

“அம்மா, எனக்கு மனசு இருக்கு. விதி இருக்கே! குடியிருப்போர் தங்கள் இல்லச் சுப நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே ஹாலைப் பயன்படுத்தலாம். நான் எழுதினது இல்ல. செயலாளரைக் கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விதி அப்படித்தான் இருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னவனுக்கு இருக்க வேண்டிய நிம்மதி ஏனோ வரவில்லை. தயிர் புளித்திருந்தது காரணமாக இருக்கலாம்.

ஜூன் 11, புதன்

விதியை மீண்டும் வாசித்தேன். விருந்தினருக்கு வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. இது வெறும் அவதானிப்பு.

ஜூன் 12, வியாழன்

இன்று எனக்குப் பிறந்தநாள்.

உண்மையில் நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அப்பாவுக்குத் தேதி தெரியவில்லை. தலைமையாசிரியர், “இன்னைக்குத் தேதியையே போட்டுடறேன், அஞ்சு வயசு சரியா முடிஞ்சிருக்கும்” என்று எழுதிவிட்டார். அந்தத் தேதியை நம்பித்தான் அரசாங்கம் எனக்குக் கல்லூரியில் தர்க்கவியல் கற்பிக்கும் வேலையைத் தந்தது; அதை நம்பித்தான் ஓய்வும் தந்தது. அரசாங்கமே நம்பும்போது குடியிருப்போர் சங்கம் நம்பாமல் இருக்க முடியாது.

இதுவரை ஒரு தடவையும் கொண்டாடியதில்லை. காலை எட்டரைக்குத் தலைவர் வீட்டு மணியை அடித்தேன். அடிக்கும் முன் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

“அடடே, வாழ்த்துகள் சார்! ஹால்தானே? தாராளமா! உங்களுக்கு இல்லாததா? விருந்தாளிங்க நெறைய பேரா?”

“ஒரு இருபது பேர் இருக்கலாம். அதிகம் இடத்தை அடைக்கமாட்டாங்க.”

வாசல் கரும்பலகையில் வழக்கமாக ‘இன்று லாரித் தண்ணீர்’ போன்ற செய்திகள் இருக்கும். அதை அழித்துவிட்டு, ‘இன்றைய சுப நிகழ்ச்சி: பேராசிரியர் சபாநாயகம் அவர்களின் பிறந்தநாள்’ என்று எழுதினேன். ‘அவர்களின்’ என்று என்னையே குறிப்பிட்டது கூச்சமாக இருந்தது.

ஒன்பதரைக்கு விருந்தினர் வந்தார்கள். ஒரு நீளக் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குழந்தைகள். முன்னால் தனக்கொடி டீச்சர், பின்னால் சோற்று அண்டாவுடன் ஆயா. காவலாளி இருசப்பன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

மாடி பால்கனியில் தலைவர் தெரிந்தார். நான் மேலே பார்க்கவில்லை. எனக்குக் கழுத்து வலி உண்டு.

முட்டை நாள். எனக்கும் ஒன்று தந்தார்கள். விழாநாயகர் மறுக்கக் கூடாது என்றார் டீச்சர்.

ஜூன் 13, வெள்ளி

டீச்சர் காலையிலேயே வந்து கதவோரம் நின்றார்.

“நாளைக்கு யாரு சார் பொறந்தாங்க?”

நான் யோசித்தது ஒரு நாளைக்குத்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை. தர்க்கம் கற்பித்தவனின் நிலைமை இது. இன்றைக்கு, என் பிறந்தநாள் விழாவின் மறுநாள் உபசாரம் என்று பலகையில் எழுதிச் சமாளித்தேன். அப்படி ஒன்று உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

சாயங்காலம் இரண்டாம் மாடி பாஷ்யம் வந்தார். தபால் நிலைய அதிகாரியாக இருந்தவர், என்னைவிட மூத்தவர்.

“ஓய் சபாநாயகம், போர்டைப் பார்த்தேன். உமக்கு எந்த வாத்தியார் தேதி போட்டான்?”

சொன்னேன்.

“எனக்குப் போட்டவன் ஜூன் பதினாறு. நான் பொறந்தது தை மாசம்! பள்ளிக்கூடம் திறக்கறது ஜூன்ல. நம்ம வயசுக்காரன் எவனை எடுத்துண்டாலும் சர்டிபிகேட் பிரகாரம் ஜூன்லதான் ஓய் பொறந்திருப்பான். நாளைக்கு ‘ஏ’ பிளாக் அய்யாதுரைக்கு. எங்க பென்ஷனர்கள் சங்கத்துல தெரியும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு முட்டைக்காகச் சொல்லலே, நான் சாப்பிடறதும் இல்லே. இருந்தாலும் எனக்கு யாரும் ஹேப்பி பர்த்டே பாடினது கிடையாது.”

ஜூன் 16, திங்கள்

பாஷ்யத்துக்குப் பாடினார்கள். மூன்று தடவை பாடச் சொல்லிக் கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

குழாய் ரிப்பேர். மோட்டார் சுவிட்ச் மாற்றப்பட்டது.

இன்றைய நிகழ்ச்சியில் ஒரு சட்டப் பிரச்சினை எழுந்தது. மூன்றாம் மாடியில் கணினி வேலை பார்க்கும் இளம் தம்பதி நேற்று வந்து, தங்கள் நாய்க்குட்டி மஃபினுக்கு ஒரு வயது நிறைகிறது, ஹால் கிடைக்குமா என்று கேட்டார்கள். ‘செல்வி மஃபினின் முதல் பிறந்தநாள்’ என்று எழுதினேன். தலைவர் இறங்கி வந்துவிட்டார்.

“செயலாளர் சார், நாய் நம்ம சங்கத்துல மெம்பரா?”

“இல்லை சார். ஆனா விதியில உறுப்பினர்னு இல்லை. குடியிருப்போர்னுதான் இருக்கு. அது... குடியிருக்கு.”

தலைவர் மஃபினைப் பார்த்தார். மஃபின் வாலை ஆட்டியது. அது அவர் செருப்பை ஒரு முறை கடித்திருக்கிறது என்பதால் அவர் மேலும் வாதாட விரும்பவில்லை என நினைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

நேற்று தலைவர் என்னைத் தேநீருக்கு அழைத்தார். பயந்துகொண்டே போனேன்.

“புரொபசர் சார், உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காத ஆளு. பின்னாடி நின்னு யாரோ உங்களை ஆட்டி வைக்கிறாங்க. யாரு, பாஷ்யமா?”

யாருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். என்னை நானே ஆட்டிவைப்பது சாத்தியம் என்று எனக்கும் தோன்றவில்லை.

“எனக்குக் குழந்தைங்க மேல கோவமா? இன்னைக்குக் குழந்தைங்க, நாளைக்கு எவனாவது கட்சி ஆபீஸ் போடுவான், தடுக்க முடியுமா? ஒரு ஓட்டை விட்டா வீடே ஒழுகும் சார். பாக்டரியில முப்பது வருசம் பார்த்தவன் நான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ராஜினாமா எழுதினேன். காலையில் கொடுக்கலாம் என்று வைத்தேன். இன்று பலகையில் எழுத வேண்டியிருந்ததால் நேரம் கிடைக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பிறந்தநாள்கள் தீர்ந்துவிட்டன. ஆனால் மக்களுக்கு ருசி கண்டுவிட்டது. இந்த வாரம் பலகையில் வந்தவை: அய்யாதுரை தம்பதியின் மணநாள், முதல் மாடியில் புதுக் குளிர்பதனப் பெட்டி வந்த விழா, ‘பி’ பிளாக் இளைஞன் நிலுவையில் இருந்த தேர்வுத் தாள்கள் அனைத்திலும் தேறியது. குழந்தைகளுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. குளிர்பதனப் பெட்டிக்கும் ‘ஹேப்பி பர்த்டே’ பாடினார்கள். தேறிய இளைஞன் அழுதுவிட்டான்.

தெருவில் போகிறவர்கள் நின்று பலகையை வாசித்துவிட்டுப் போகிறார்கள். இருசப்பன் சொன்னார்: “சார், பால்காரன் கேக்கறான், இங்க ஒரு நாளாச்சும் கெட்டது நடக்காதான்னு.”

ஜூலை 8, செவ்வாய்

மதியம் குழந்தைகள் தூங்கும்போது ஹாலில் யாராவது இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அப்படி விதி இல்லையென்றாலும் இருப்பது நல்லது. எனவே நான் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் போய்வரும் நேரம் மிச்சம். இன்று பருப்பு சாதம், உருளைக்கிழங்கு. சென்ற வாரம் ஒரு நாள் கீரை சாதம். காரம் சற்றுக் குறைவு என்று டீச்சரிடம் சொன்னேன்.

“அடுத்த தபா உங்களுக்குத் தனியா தாளிச்சுக் கொட்டறேன் சார். ரெண்டரை வயசுக்காரங்க எதுவும் சொல்லல, நீங்கதான் குறை சொல்றீங்க.”

கவிஷா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். இடம் மாற்றிப் படுக்கவைத்தால் விழித்துக்கொள்வாள் என்பதால் நான்கு மணி வரை நகரவில்லை. கால் மரத்துவிட்டது. இதைச் சுகந்தியிடம் புகாராகச் சொன்னேன். அவள் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 12, சனி

தலைவர் ஜெயித்துவிட்டார்.

மாலையில் பொதுக்குழு. எழுந்தார், பஞ்சாங்கத்தை விரித்தார். “வர்ற வியாழக்கிழமை ஆடி பொறக்குது. ஆடி மாசம் சுப நிகழ்ச்சி செய்யறது நம்ம வழக்கமில்ல. அதனால ஆவணி ஒண்ணாம் தேதி வரைக்கும் ஹால் பூட்டியிருக்கும். சாவி என்கிட்ட இருக்கும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

மஃபினின் சொந்தக்காரர்கள் விழித்தார்கள். அய்யாதுரை கூரையைப் பார்த்தார். பாஷ்யம்கூட என் காதில், “ஆடியில புதுசா எதையாவது பண்ணிட்டு, ஆத்துல யாருக்காவது தலைவலி வந்தா என் மேலதான் ஓய் பழி விழும்” என்று முணுமுணுத்தார்.

சுப நிகழ்ச்சிக்கு மட்டுமே ஹால். ஆடியில் சுப நிகழ்ச்சி இல்லை. ஆகவே ஆடியில் ஹால் இல்லை. இந்த வாதத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இதைத்தான் கரும்பலகையில் எழுதி எழுதி நான் சம்பளம் வாங்கினேன்.

தனக்கொடி டீச்சரிடம் சொன்னேன். “வியாழக்கெழம காலையில எடம் இல்லேன்னா அன்னிக்கே கேட்டுக்கு அந்தாண்ட கூட்டிட்டுப் போயிடணும் சார். அங்க போனா இதுல பாதிப் பசங்க வராது” என்றார். கவிஷாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

ஜூலை 14, திங்கள்

முதல் மாடி பிலோமினா டீச்சர் கேட்டார்: “ஆடி உங்களுக்குத்தான சார்? எங்களுக்கு ஏது ஆடி?”

இந்த வாதம் எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். ஆனால் எங்கள் குடியிருப்பில் கிறிஸ்தவக் குடும்பம் அது ஒன்றுதான். கல்யாணமாகாத மகனுக்கும் தனக்குமாக அவரால் எத்தனை நாள் விழா எடுக்க முடியும்? தவிர, சாவி தலைவரிடம்.

ஜூலை 16, புதன்

தலைவரிடம் கெஞ்சிப் பார்ப்பது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் முடிவெட்டப் போயிருந்தார். மனப்பாடம் செய்தது வீணாயிற்று. நிம்மதியாகவும் இருந்தது.

அவர் மனைவி ரேணுகா அம்மா உட்காரச் சொன்னார். மூட்டுவலிக்காரர், கீழே இறங்கி வருவதே அபூர்வம். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் ஏதோ கரைத்து வைத்திருந்த புளித்த வாசனை வந்தது.

“கேழ்வரகு மாவா?” என்று கேட்டேன். மரியாதைக்காகத்தான்.

“ஆமாம் சார். வருஷா வருஷம் ஆடி ஒண்ணாந்தேதி எங்க குலதெய்வம் படவேடு ரேணுகாம்பாளுக்குக் கூழ் ஊத்துவேன். இந்த வருஷம் முட்டி ஒத்துழைக்கல, போக முடியல. இங்கயே ஊத்தலாம்னா யாருக்கு ஊத்தறது? இந்த அபார்ட்மென்ட்ல கூழுன்னா மூக்கைப் பிடிச்சுக்கறாங்க. குடிக்க ஆளில்லாம அம்மாவுக்கு ஊத்தினா அது பூஜையா சார்? கூழு வயித்துக்குப் போகணும்.”

வாசலுக்கு வெளியே நாளைக் காலை இருபது வயிறுகள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று நான் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கலாம். வயதாகிவிட்டது, எது சொன்னேன் எது சொல்லவில்லை என்று எப்போதும் நிச்சயமாகத் தெரிவதில்லை. ஹால் பூட்டியிருக்கும் என்பதையும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் அப்போது வேறு யாரும் இல்லை.

தேநீர் நன்றாக இருந்தது.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் பலகையில் எழுத எதுவும் இல்லை. அழித்துவிட்டு வெறுமனே விட்டேன். ஒன்பதரைக்குக் குழந்தைகள் வந்தார்கள். ஹால் கதவில் பூட்டு. பக்கத்தில் தலைவர், புதிதாக முடிவெட்டிய தலையுடன். சுகந்தி குடியிருப்பு வாசலில் நின்றாள். வேலைக்கு நேரமாகியும் போகவில்லை. டீச்சரின் தோளில் பெரிய பை; அதில் குழந்தைகளின் தட்டுகள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போகத் தயாராகத்தான் வந்திருக்கிறார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. ஆடி” என்றார் தலைவர். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை என்பதையும் நியாயமாகக் குறிக்க வேண்டும்.

அப்போது லிஃப்ட் திறந்தது. வேப்பிலை கட்டிய மண்பானை ஒன்றை இரண்டு பெண்கள் தூக்கிவர, பின்னால் மஞ்சள் புடவையில் ரேணுகா அம்மா தடி ஊன்றி நொண்டி நொண்டி வந்தார். ஹால் வாசலில் பானையை இறக்கச் சொன்னார்.

“என்னங்க, கதவைத் திறங்க.”

“ரேணு, உனக்கே தெரியும். ஆடியில சுப காரியம்...”

“ஆடியில கல்யாணம் பண்ணமாட்டாங்க, புது வீடு போகமாட்டாங்க. கூழை ஆடியில ஊத்தாம ஐப்பசியிலயா ஊத்துவாங்க?”

“அது கோயில்ல ஊத்தறது. விதியில சுப நிகழ்ச்சின்னு...”

“அப்ப இது அசுபமா?” ரேணுகா அம்மா குரலை உயர்த்தவில்லை. “ரேணுகாம்பாளுக்குக் கூழ் ஊத்தறது அசுபம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பானைக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க. நான் எடுத்துக்கிட்டு மேல போயிடறேன்.”

எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். முப்பது வருடம் தொழிற்சாலையை நடத்தியவர். ஆனால் படவேட்டில் மொட்டை போட்டவர்.

“இல்ல, பொதுவா கேக்கறேன்” என்று என் பக்கம் திரும்பினார். “விதிப்படி என்ன, செயலாளர் சார்?”

நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு முன்னால் கயிறு. கயிற்றின் முனையில் கவிஷா, பானைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு. தேர்தல் அன்று போல இந்த முறையும் நான் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

“திறங்க சார்.”

எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஹால் எதிரொலிக்கும் என்று பிறகு நினைவுக்கு வந்தது. அது என் குரல்தானா என்று இருசப்பனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தலைவர் சாவியைப் போட்டுத் திறந்தார். திறந்தவர் நேராக மேலே போய்விடுவார் என்று நினைத்தேன். ரேணுகா அம்மா அவர் கையில் கரண்டியைக் கொடுத்தார். முதல் தட்டுக்கு அவர்தான் ஊற்றினார்.

மூக்கைப் பிடிப்பார்கள் என்று சொல்லப்பட்ட பெண்கள் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பாஷ்யம், “ஆடி வெள்ளி நாளைக்கு எங்காத்து முறைன்னு போட்டுக்கோங்கோ” என்றார். அவர் வீட்டில் கூழ் காய்ச்சத் தெரியாதாம். பால் பாயசம் அம்மன் ஏற்பாளா என்று கேட்டார். ஏற்பாள் என்றார் ரேணுகா அம்மா. வயிற்றுக்குப் போனால் எதையும் ஏற்பாளாம். ஆடி முழுக்க ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று பெண்களே பிரித்துக்கொண்டார்கள். நிர்வாகக் குழுவிடம் யாரும் கேட்கவில்லை.

சுகந்தி என் வீட்டுக்கு மிகத் தாமதமாக வந்தாள். பாத்திரம் எதுவும் தேய்க்க இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

தலைவர் பலகையில் ‘கூழ்’ என்பதற்குக் கீழே, ‘வருபவர்கள் வரிசையில் வரவும்’ என்று தன் கையால் எழுதியிருக்கிறார். மூன்று வயதுக்காரர்களுக்கு வாசிக்கத் தெரியாது. சொல்லவில்லை. பாவம், அவருக்கும் ஒரு விதி வேண்டும்.

ஜூலை 30, புதன்

ஓடு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. ஆவணிக்குள் முடியுமாம்.

இன்று மாதாந்திர எடை பார்க்கும் நாள். டீச்சர் ஹாலில் தராசுப் பலகையை வைத்து ஒவ்வொரு குழந்தையாக ஏற்றினார். கவிஷா ஏறி நின்றாள். டீச்சர் எண்ணைப் பார்த்தார், அவளை இறக்கி மறுபடி ஏற்றினார். பிறகு அட்டையை எடுத்துச் சுகந்தியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். பச்சைக் கட்டத்தின் உள்ளே ஒரு புள்ளி. விளிம்பில்தான், ஆனால் உள்ளே.

சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “கேட்டுக்கு அந்தாண்ட போயிருந்தா...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே ஒரு அளவீட்டை வைத்து முடிவுக்கு வருவது முறையல்ல. தராசு பழுதாக இருக்கலாம் என்று டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அப்ப நீங்க ஏறிப் பாருங்க சார். கர்ப்பிணிங்களுக்கும் இதுலதான் பாக்கறோம், தாங்கும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். போன வைகாசியில் மருத்துவர் என் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, இப்படியே போனால் ஒரு காற்றுக்குத் தாங்கமாட்டீர்கள் என்றிருந்தார். இப்போது முள் அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது.

டீச்சர் குனிந்து பார்த்தார். “பசங்களா, பர்த்டே தாத்தாவும் பச்சைக்கு வந்துட்டாரு! கை தட்டுங்க!”

தட்டினார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்த அந்த ஒரே பாட்டையும் பாடினார்கள். தராசுப் பலகையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை, தராசு பழுது என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. மேலும் ஆதாரம் வேண்டும். நாளை முட்டை நாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும்.